செஞ்சிலுவையும் சிந்தையற்ற பொறியும்

1859ஆம் ஆண்டு, இத்தாலியின் சொல்பெரினோப் போர்க்களத்திலே காயமுற்றோர் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு ஹென்றி டுனாண்ட் என்பார் உள்ளம் உருகினார். அவ்வுருக்கத்தின் பயனே 1864இல் எழுந்த ஜெனீவா உடன்படிக்கை. போர்க்கள வைத்தியரைத் தாக்கலாகாது என்பது அது வகுத்த அறம்.

1949ஆம் ஆண்டின் உடன்படிக்கை இன்னும் நுட்பமானது. தம்மையும் தம்மிடமுள்ள நோயாளரையும் காத்தற்பொருட்டு வைத்தியர் ஆயுதம் தாங்கலாம். அதனால் அவர்தம் பாதுகாப்பு நீங்காது. வைத்தியசாலையிலிருந்து பகைவருக்குத் தீங்கு இழைக்கப்படினும், முதலில் எச்சரித்துத் தக்க அவகாசம் அளித்தல் வேண்டும்.

இன்றோ, மனிதர் தலையீடின்றித் தாமே இலக்கைத் தெரிந்து தாக்கும் பொறிகள் தோன்றியுள்ளன. செஞ்சிலுவைச் சின்னத்தை அவை கண்டுகொள்ளக்கூடும். ஆயின், ஆயுதம் ஏந்தி நிற்பவர் போர்வீரரா, நோயாளரைக் காக்கும் வைத்தியரா என்று துணிவது கண்ணின் வேலையன்று, கருத்தின் வேலை. எச்சரித்துப் பொறுத்திருப்பதும் அத்தகையதே.

மனிதனும் தவறுவானே என்பீர்கள். மெய்தான். 2015இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் வைத்தியசாலையை அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் மாண்டனர். மறு ஆண்டு, படையினர் 16 பேர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டது. அது போதாதென்று பலர் குறைகூறினர். ஆயினும் கேள்வி கேட்க அங்கே மனிதர் இருந்தனர். பொறியிடம் யார் கேட்பது? எனவே, சுடுவதா விடுவதா என்னும் முடிவு மனிதனை விட்டு நீங்கலாகாது.