ஆங்கிலம் வராதது நம் குற்றமல்ல

பட்டதாரிகளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று தனியார் நிறுவனங்கள் புலம்பிக்கொண்டே இருக்கின்றன. யாருக்குத் தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து அரசு கலைக் கல்லூரிக்கு வருகிற நம் தம்பி தங்கைகள் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பாடத்திட்டத்தில் 'பகுதி 2 ஆங்கிலம்' இருக்கிறது. வகுப்பறை நிரம்பி வழிகிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களே பாடத்தைச் சுமக்கிறார்கள். கைடில் உள்ள விடையை மனப்பாடம் செய்து எழுதினால் தேர்ச்சி. ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசாமல் பட்டம் வாங்கிவிடலாம். பிறகு நேர்காணலில் 'கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லை' என்று வெளியே அனுப்புகிறார்கள். கற்றுத் தராததில் பரீட்சை வைப்பதற்குப் பெயர் தகுதியா?

எதிரில் உட்கார்ந்து சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அது தாத்தா காலத்துச் சொத்து. 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளியான காலத்தில் சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற பட்டதாரிகளில் பெரும்பான்மையினர் பார்ப்பனர்களே. அதே காலத்தில் நம் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியின் வாசலே மறுக்கப்பட்டது. நிலத்தைப் போலவே மொழியும் சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டது.

சரி, ஆங்கிலம் வந்துவிட்டால் கதவு திறந்துவிடுமா? தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 2007இல் வெளியான ஆய்வு இது. ஆகவே ஆங்கிலமும் வேண்டும், தனியார் துறையில் இடஒதுக்கீடும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கடிக்க விடமாட்டோம்.

தம் பிள்ளைகளைச் சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்துவிட்டு நமக்கு மட்டும் தாய்மொழிப் பற்றைப் போதிப்பவர்களுக்கும் ஒரு சொல். அண்ணல் அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழை மராத்தியில் தொடங்கினார்; 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் அச்சிட்டார். சொந்த மக்களிடம் பேச ஒரு மொழி, உலகத்திடம் நியாயம் கேட்க ஒரு மொழி. நமக்கும் இரண்டும் தேவை.

நாம் கேட்பது இவைதான்: ஆங்கிலத் துறையின் காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பு. முதல் பருவத்திலிருந்தே சிறு குழுக்களாகப் பேச்சுப் பயிற்சி கொடு, அதற்கு மதிப்பெண் கொடு. நலவிடுதிகளில் மாலை வகுப்பு நடத்து, ஆங்கில நாளிதழ் போடு.

தோழர்களே, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். விடுதியில் பத்துப் பேர் கூடி உட்காருங்கள். தப்பும் தவறுமாகவே பேசுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

ஜெய்பீம்!