பச்சை பூத்த கிழங்கும் இருபது மூட்டை விதையும்

வாரச் சந்தை கலைகிற நேரத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். தேறிய கிழங்கையெல்லாம் பகலிலேயே விற்றாகிவிட்டது. மிஞ்சியதைச் சாக்கின் மேல் கொட்டிக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். பாதிக் கிழங்கு பச்சை பூத்திருக்கும். கால்வாசி முளை விட்டிருக்கும். அதை வாங்குகிறவர்கள் யார்? சித்தாள் வேலை முடிந்து, கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே சந்தைக்கு வருகிற பெண்கள். விடுதிகளுக்குச் சமையல் சாமான் சப்ளை செய்கிற காண்டிராக்டரும் சில சமயம் வருவார். அவர் கூறாக வாங்குவதில்லை, சாக்கோடு வாங்குவார்.

சென்ற மாதம் நம் தோழர் ஒருவர் வீட்டில் இந்தக் கூறு ஒன்றை முறத்தில் கண்டோம். "இதைக் குழந்தைகளுக்குப் போடாதீங்கம்மா" என்றோம். "தோலைச் சீவினாப் போச்சு தோழர். கொதிக்கக் கொதிக்க வேக வெச்சா எந்த விஷம் நிக்கும்?" என்று கேட்டார் அந்த அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் சிரித்தார். நாட்டில் இவ்வளவு பிரச்னை இருக்கும்போது ஒரு முழுநேர ஊழியன் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாமா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். பேசத்தான் வேண்டும் என்பது நம் கட்சி.

முதலில் அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில். உருளைக்கிழங்கு வேர் அல்ல. மரவள்ளி வேர், சர்க்கரைவள்ளி வேர்; உருளைக்கிழங்கோ தண்டு. மண்ணுக்குள் ஓடுகிற தண்டின் நுனி, இலை சமைத்து அனுப்பிய மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துப் பருத்ததே நாம் தின்கிற கிழங்கு. சந்தேகம் இருந்தால் ஒரு கிழங்கைக் கையிலெடுத்து அதன் கண்களைப் பாருங்கள். கிளையில் கணுவுக்குக் கணு மொட்டு இருப்பது போல, கண்கள் ஒரு சுருளாக ஓடி ஒரு முனையில் நெருங்கி நிற்கும். கணு இருக்கிறதென்றால் அது தண்டு. தண்டின் மேல் வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பச்சையால் ஒரு கெடுதலும் இல்லை. கீரையில் இருக்கிற அதே பச்சையம்தான் அது. ஆனால் எந்த வெளிச்சம் பச்சையத்தை உண்டாக்குகிறதோ அதே வெளிச்சம் தோலிலும் தோலுக்கடியிலும் சோலனைன், சாக்கோனைன் என்ற இரண்டு நச்சுப் பொருள்களையும் பெருக்கிவிடுகிறது. பூச்சியும் பிராணியும் தின்றுவிடாதபடி செடி தனக்குச் செய்துகொண்ட காவல் இது. முளையில் இந்த நஞ்சு இன்னும் அதிகம். 100 கிராம் கிழங்கில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. கொதிக்கிற தண்ணீருக்கு இது அழிவதில்லை. அம்மாள் கொதிக்க வைத்தாலும் நஞ்சு அப்படியே நிற்கும். தோலைத் தடிப்பாகச் சீவினால் பெரும்பகுதி போகும் என்பது வாஸ்தவம். ஆனால் பச்சை சதைக்குள் இறங்கிவிட்டிருந்தால், வெந்த கிழங்கு வாயில் கசந்து தொண்டையில் எரிந்தால், அதைத் துப்பிவிட வேண்டியதுதான்.

இது பூச்சாண்டி அல்ல. 1969-ல் லண்டன் நகரத்து லூயிஷம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட 78 பையன்கள் வாந்தி பேதியில் விழுந்தார்கள். 17 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. விடுமுறைக்கு முன்பு வாங்கி மிஞ்சிக் கிடந்த ஒரு மூட்டைப் பழங்கிழங்கைச் சமையற்காரர்கள் எடுத்து வேகவைத்துப் போட்டிருந்தார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் மூட்டைக் கணக்கில் மலிவாகச் சாமான் வாங்குகிற ஒவ்வொரு விடுதியிலும் சமையற்கூடத்திலும் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தையின் உடம்பு சிறிது; அதற்குச் சிறிய அளவே போதும்.

ஆகவே கிழங்கை இருட்டில், காற்றோட்டமாக, சாக்குப் போட்டு மூடி வையுங்கள். குளிர்பெட்டி உள்ள வீடுகளில் அதற்குள் வைக்கிறார்கள், அதுவும் தவறு. பறித்த பிறகும் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. அதிகக் குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட கிழங்கை எண்ணெயில் போட்டால் சீக்கிரம் கறுக்கும். அந்தக் கறுப்போடு அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். உப்புக் கரித்த குழம்பில் ஒரு கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். உப்பை மாத்திரம் பொறுக்கி எடுக்கிற சாமர்த்தியம் கிழங்குக்கு இல்லை. உப்புத் தண்ணீரை உறிஞ்சுகிறது, அவ்வளவே.

இனி அந்தக் கண்ணுக்கு வருவோம். சமையலறையில் நாம் கத்தி முனையால் தோண்டி எறிகிற கண்தான் விவசாயிக்கு விதை. உருளைக்கிழங்குச் செடி பூக்கும், காய்க்கும். தக்காளி, கத்தரி, சுண்டைக்காய் எல்லாம் அதற்குப் பங்காளிகள். காயும் பச்சைத் தக்காளிப் பிஞ்சு போலவே இருக்கும், அதுவும் நஞ்சு. அந்தக் காயில் விதையும் உண்டு. ஆனால் அந்த விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். புது ரகம் தேடுகிற விஞ்ஞானிக்கு அது வேண்டும், விவசாயிக்குப் பயன்படாது. அவர் கிழங்கையே நடுகிறார். ஆகவே ஒரு வயலில் உள்ள ஆயிரக்கணக்கான செடிகளும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரியும்.

அயர்லாந்தில் நடந்தது அதுதான். அங்கே நிலம் நிலப்பிரபுக்களுடையது. தானியமும் மாடும் வாரத்துக்கும் குத்தகைக்கும் போய்விடும். குடியானவனுக்கு மிஞ்சியது ஒரு துண்டு நிலம். குறைந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றே. ஏழைகள் நட்டதெல்லாம் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். 1845-ல் கருகல் நோய் வந்தது. 1846-ல் ஏறக்குறைய முழு வெள்ளாமையும் அழுகிப் போயிற்று. சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் தானியமும் மாடும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன. கிழங்கைக் கொன்றது ஒரு கிருமி. ஜனங்களைக் கொன்றதைக் கிருமியின் கணக்கில் எழுத முடியாது. நிவாரண வேலைக்கு லண்டன் கஜானாவில் பொறுப்பாக இருந்து, தர்மத்துக்கு அதிகம் செலவழித்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று கையைச் சுருக்கியவர் சார்லஸ் டிரெவெலியன். அவரே 1859-ல் நம் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்து இறங்கினார் என்பது பலருக்கு ஞாபகம் இராது.

உருளைக்கிழங்கு பிறந்த ஆண்டிஸ் மலையில் அப்படி நடக்கவில்லை. அங்குள்ள விவசாயிகள் ஒரே துண்டு நிலத்தில் பல ரகங்களைக் கலந்து நடுவார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். இன்றும் அந்த மலைகளில் 4,000-க்கு மேற்பட்ட நாட்டு ரகங்கள் உண்டு. அந்தச் செல்வத்தின் மதிப்பை உணர்ந்து 1920-களிலேயே அங்கே ஆட்களை அனுப்பிக் கிழங்குகளைத் திரட்டியவர் சோவியத் விஞ்ஞானி வவிலோவ். ஹிட்லரின் படை லெனின்கிராடை முற்றுகையிட்டபோது, அவருடைய நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் அந்தக் கிழங்குகளைக் குண்டு விழுகிற வயலிலிருந்து தோண்டி எடுத்து, நகரத்து நிலவறையில் வைத்தார்கள். கிடைத்த கட்டையை எரித்து, உறைந்து போகாமல் காத்தார்கள். விதையும் தானியமும் குவிந்து கிடந்த கட்டடத்திலேயே அவர்களில் பலர் பட்டினியால் செத்தார்கள். விதையைத் தொடவில்லை. அதே வவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நம்மைப் போன்றவர்களுக்கு அழகல்ல.

நம் நாட்டு விஷயம் என்ன? உலகத்தில் உருளைக்கிழங்கு விளைவிப்பதில் சீனாவுக்கு அடுத்தபடி இந்தியாதான். ஆனால் பயிரிடுகிறவனுக்கு முதல் இடி விதையிலேயே விழுகிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு முப்பது கிலோ விதை இருந்தால் போதும். ஒரு ஏக்கர் உருளைக்கிழங்குக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல், அதாவது இருபது மூட்டைக்குக் குறையாமல் விதைக்கிழங்கு வேண்டும். மொத்தச் சாகுபடிச் செலவில் ஏறக்குறையப் பாதி இதற்கே போய்விடுகிறது. கடன்காரனின் வாசலுக்கு விவசாயியைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்த இருபது மூட்டைதான்.

சொந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். வைக்கிறார்கள். ஆனால் அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி வைரஸைச் சுமந்துகொண்டு போகிறது. கிழங்கில் புகுந்த வைரஸ் அடுத்த நடவுக்கும் கூடவே வரும். வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் தேயும். ஆகவே சில வருஷத்துக்கொரு முறை சுத்தமான விதை வாங்கியே தீரவேண்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு அசுவினி மிகக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளியில் விதைப்பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் செடியின் தலையை வெட்டிவிடுவது. யந்திரம் இல்லை, விலையுயர்ந்த மருந்து இல்லை. பூச்சியின் பஞ்சாங்கத்தைப் படித்ததுதான் வித்தை. சர்க்கார் ஆராய்ச்சி ஒன்றுக்கும் உதவாது என்று பேசுகிற கனவான்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நீலகிரியின் கதை இன்னும் கசப்பானது. 1961-ல் உதகமண்டலத்துக்கருகே ஒரு தோட்டத்தில் பொன்னிற நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு உருளைச் செடியின் வேரைத் தின்று வாழ்கிறது. பெண் புழு செத்த பிறகு அதன் உடலே ஒரு கெட்டியான கூடாகிவிடும். அதற்குள் சில நூறு முட்டைகள். இருபது வருஷம் வரைகூட அந்தக் கூடு மண்ணில் காத்திருக்கும். உருளைச் செடியின் வேரிலிருந்து கசிகிற ரசாயனத்தின் வாடை பட்டால்தான் குஞ்சு பொரிக்கும். நீலகிரி விதைக்கிழங்கு மலையை விட்டு இறங்கக் கூடாதென்று தடை வந்தது. விதை விற்றுப் பிழைத்த படுகர் கிராமங்கள் அந்த வியாபாரத்தை இழந்தன. இந்தப் புழுவைத் தாங்குகிற குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் 1985-ல்தான் வந்தது. 2018-ல் இமாசலப் பிரதேசத்திலும் ஜம்மு-காஷ்மீரிலும் உத்தராகண்டிலும் இதே புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதை அனுப்பவும் தடை வந்தது.

இதற்கு ஒரு பரிகாரம் நிபுணர்கள் எல்லாருமே சொல்வது: மூன்று நான்கு வருஷம் அதே நிலத்தில் உருளை போடாமல் காரட், கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிடு. நல்ல யோசனை, விஞ்ஞானத்துக்குப் பொருந்திய யோசனை. ஆனால் வருஷக் குத்தகைக்கு நிலம் பிடித்திருப்பவனிடம் போய் நான்கு வருஷத் திட்டம் சொன்னால் அவன் என்ன செய்வான்? அடுத்த வருஷம் அந்த நிலம் அவன் கையில் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. புழுவுக்கு இருபது வருஷம் பட்டா இருக்கிறது. குத்தகைக்காரனுக்கு ஒரு வருஷம்கூட எழுத்து இல்லை.

இந்த நிலைமையில் விதைக்குச் சொந்தம் கொண்டாட இன்னொருவரும் வந்திருக்கிறார். 2019-ல் குஜராத்தில் நான்கு சிறு விவசாயிகள் மேல், ஆளுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய் கேட்டு பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. சிப்ஸ் பண்ணுவதற்கென்று தான் பதிவு செய்து வைத்திருந்த ரகத்தைத் தன் அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2001-ம் வருஷத்துச் சட்டம் விவசாயிக்கு விதையைச் சேமிக்கவும், திரும்ப விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பிராண்டு போடாமல் விற்கவும் உரிமை தந்திருக்கிறது. நாடெங்கும் கூச்சல் கிளம்பிய பிறகு அந்த வருஷம் மே மாதமே கம்பெனி வழக்குகளை வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் அதன் பதிவும் ரத்தாயிற்று. விஷயம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே விவசாய சங்கத் தோழர்கள் கொள்முதல் விலையோடு நிற்காமல், சுத்தமான விதைக்கிழங்கைச் சர்க்கார் பண்ணைகளிலிருந்தே மானிய விலையில் நடவுக்கு முன்பே கேட்க வேண்டும். குத்தகைக்கு நான்கு வருஷமாவது எழுத்து கேட்க வேண்டும். நகரத்துத் தோழர்கள் விடுதிச் சமையற்கட்டுக்குள் போய் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாள் அன்று முறத்திலிருந்து ஏழு கிழங்கை ஒதுக்கினார். இரண்டில் முளை நன்றாயிருந்தது. எறிய மனமில்லாமல் கொல்லையில் நட்டுவிட்டார். எங்கள் ஊர் சமவெளி. செடி வரும், ஆனால் இரவில் குளிர்ச்சி இல்லாவிட்டால் கிழங்கு வைக்காது என்று சொன்னோம். "வைக்கட்டும் வைக்காமப் போகட்டும் தோழர், கூறு இருபது ரூபா" என்றார்.