யார் பக்கம் கைதட்டுவது?

மார்ச்சுத் திங்கள் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வரும். வாதி என் தந்தையார். பிரதிவாதி என் அக்காள் மகன். நடுவர் பொறுப்பு என் தலையில் விழும். வழக்கு நிலத்தைப் பற்றியதும் அன்று, பொருளைப் பற்றியதும் அன்று. ஒரு கால்பந்தைப் பற்றியது. பிழைப்பை நாடி வந்து இந்நகரில் வேரூன்றிய நம்போன்ற குடும்பங்கள் பலவற்றிலும் இவ்வழக்கு ஏதேனும் ஓர் உருவத்தில் இருக்கக் காண்கிறேன். ஆகவே இத்திங்கள் அதனையே அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

முதலில் வாதியின் தரப்பு. என் தந்தையார் பிறந்தது வாணியம்பாடியை அடுத்த ஒரு சிற்றூர். 1974ஆம் ஆண்டில் தச்சு வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தவர், பிறகு திரும்பவே இல்லை. இங்கேதான் மணம் முடித்தார்; இங்கேதான் மக்களைப் பெற்றார். விவேக் நகரில் பாதி வீடுகளின் கதவும் சன்னலும் அவர் கைபட்டவை என்று அவருடைய கூட்டாளிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் ‘நம் ஊர்’ என்று அவர் வாயிலிருந்து வந்தால் அது விவேக் நகரைக் குறிக்காது.

2015 டிசம்பரில் சென்னை மாநகர் வெள்ளத்தில் மூழ்கியது. சைதாப்பேட்டையில் இருந்த என் அத்தை குடும்பத்தார் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தனர். தொலைபேசி கிடைக்கவில்லை. தந்தையார் அவ்விரண்டு இரவும் உறங்கவில்லை. அதே வெள்ளத்தினால் சென்னையின் எப்.சி. அணி தன் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்தக் களத்தில் ஆட இயலாமல் பூனாவில் ஆடியது. டிசம்பர் 20ஆம் நாள் அவ்வணி கோவாவின் பட்டோர்டா ஆட்டக்களத்தில் இறுதிப் போட்டிக்கு இறங்கிற்று. 87ஆம் நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என முந்தியது. இனி என்ன இருக்கிறது என்று எல்லோரும் எண்ணிய வேளையில், 90ஆம் நிமிடத்தில் பந்து கோவாவின் காவலர் கட்டிமணியின் கைபட்டு அவருடைய வலைக்குள்ளேயே புகுந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. அதுவரை பந்தாட்டத்தைப் பொருட்படுத்தாத என் தந்தையார் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று தொடங்கி அவர் சென்னைக் கட்சி.

இனிப் பிரதிவாதியின் தரப்பு. என் அக்காள் மகன் பிறந்தது இவ்வூரில். தமிழ் வீட்டு மொழி. கன்னடம் பள்ளி மொழி. ஆஸ்டின் டவுன் மைதானத்துச் செம்மண் அவன் கால்பந்து கற்ற இடம். அந்த 2015ஆம் ஆண்டிலேயே, மே 31ஆம் நாள், ஒன்பது வயதுச் சிறுவனான அவனைக் கண்டீரவா ஆட்டக்களத்துக்கு நான் அழைத்துச் சென்றேன். ஐ-லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. மோகன் பகானுக்கு வெற்றி தோல்வியின்றி முடிந்தாலே போதும். பெங்களூர் வென்றே தீரவேண்டும். 41ஆம் நிமிடத்தில் ஜான் ஜான்சன் தலையால் முட்டிப் பெங்களூருக்கு ஒரு கோல் தந்தார். மேற்குப் பகுதி ரசிகர்களின் பாட்டும் முழக்கமும் ஓயவே இல்லை. 87ஆம் நிமிடத்தில் சோனி நோர்டே மூலையிலிருந்து உதைத்த பந்தைப் பெல்லோ ரசாக் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று. இரண்டே புள்ளியில் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிற்று. “இன்னும் மூன்று நிமிடம்தானே மாமா இருந்தது?” என்று அவன் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். அன்று தொடங்கி அவன் பெங்களூர்க் கட்சி.

இவ்விரு கட்சியும் ஒரே வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தன. 2018 மார்ச்சு 17ஆம் நாள், சனிக்கிழமை, அவை நேருக்கு நேர் சந்தித்தன. இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டி, பெங்களூரும் சென்னையும், களம் கண்டீரவா. மூன்று பேருக்கும் சீட்டு வாங்கி வந்தேன். வாங்கி வந்தபின் அம்மா சொன்ன சொல்தான் என்னைத் தடுமாறச் செய்தது.

“போய் வாருங்கள். ஆனால் அங்கே தமிழில் சத்தம் போடவேண்டாம்.”

அவர் அஞ்சியதில் தவறில்லை. காவிரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. பிப்ரவரி 16ஆம் நாள் வந்த அத்தீர்ப்பு தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. அதற்கு முன் 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் இந்நகரில் எரிந்ததை நாம் கண்டோம். 1991 டிசம்பரில் விளக்கை அணைத்துக் கதவைத் தாழிட்டுக் குழந்தைகளின் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்த இரவுகளை என் தாயார் மறக்கவில்லை.

நீல வண்ணக் கடலுக்கு நடுவே இடம் கிடைத்தது. பிள்ளை நீலச் சட்டை அணிந்திருந்தான். தந்தையார் வழக்கம்போல் வெள்ளைச் சட்டை. 9ஆம் நிமிடத்தில் உதாந்தா சிங் அனுப்பிய பந்தைச் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தான். 17ஆம் நிமிடத்தில் கிரெகரி நெல்சனின் மூலை உதையைச் சென்னையின் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் வலைக்குள் செலுத்தினார். அப்பொழுது என் தந்தையாரைப் பார்த்தேன். அவருடைய கைகள் இரண்டும் மார்புவரை எழுந்தன. எழுந்தவர் இருபக்கமும் பார்த்தார். கைகளை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டார்.

அன்பர்களே, அந்த ஆட்டத்தில் ஐந்து கோல்கள் விழுந்தன. அவற்றுள் எதுவும் என் நெஞ்சில் அந்தக் கைகள் இறங்கிய காட்சியைப்போல் பதியவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டு ஓர் ஊரில் உழைத்தவர், மகிழ்ச்சி வந்தபோது கைதட்டலாமா என்று அக்கம் பக்கம் பார்க்க நேர்ந்ததே என்று வருந்தினேன்.

இடைவேளைக்குச் சற்றுமுன் மெயில்சன் அதேபோல் இன்னொரு கோல் அடித்தார். தந்தையார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த இருக்கையில் ஒரு பெரியவர், கன்னடக்காரர், அவரும் நீலத் துண்டு போர்த்தியிருந்தார். வெகுநேரமாகத் தந்தையாரைக் கவனித்திருப்பார் போலும். “சென்னையா?” என்று கன்னடத்தில் வினவினார். தந்தையார் சிறிது தயங்கி, “ஹௌது” என்றார். அவர் சிரித்தார். “சென்னாகி ஆடுத்தாரெ, சப்பாளெ ஹொடீரி” என்று சொல்லித் தம் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நன்றாக ஆடுகிறார்கள், கைதட்டுங்கள் என்பது அதன் பொருள். இவ்வூரில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

67ஆம் நிமிடத்தில் ரபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து உதைத்த பந்து வலையில் விழுந்தபோது தந்தையார் எழுந்து நின்று கைதட்டினார். எங்களைச் சுற்றியிருந்தோரில் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறுதியில், கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில், பெங்களூரின் மிக்கு ஒரு கோல் அடித்தார். மூன்றுக்கு இரண்டு. களம் முழுவதும் அதிர்ந்தது. “அழாதே, இன்னும் நேரம் இருக்கிறது” என்று பேரனின் தோளை இறுகப் பற்றியவர் வேறு யாரும் அல்லர். சென்னைக் கட்சியின் தலைவரேதான்! ஆனால் நேரம் இருக்கவில்லை. ஊதல் ஒலித்தது. 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்ற பெங்களூர் அணி சொந்த மண்ணில் தோற்றது.

வென்ற கட்சிக்காரர் தோற்ற கட்சிக்காரனைத் தேற்றிக்கொண்டு ரிச்மண்டு வட்டம் வழியாக நடந்தார். திடீரெனப் பிள்ளை நின்றான். “தாத்தா, நீங்கள் இந்த ஊருக்கு வந்து இத்தனை ஆண்டு ஆகிறதே. இது உங்களுக்கு ஊர் இல்லையா?” என்று கேட்டான். கோபத்தில் கேட்டதன்று, துயரத்தில் கேட்டது. தந்தையார் விடை சொல்லவில்லை. அன்றிரவு வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

இங்கே சிறிது நின்று ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இந்நகரின் பந்தாட்ட வரலாறு நமக்குப் புறம்பானதன்று. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தையும் இறுதி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கியே நாம் இழந்தோம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் அருமைநாயகம் இருந்தார். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பந்தாட்டத்தை உயிராகப் போற்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே பிரேசில் நாட்டுப் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மைசூர் என்ற பெயரில் இம்மாநிலம் நான்கு முறை வென்ற சந்தோஷ் கோப்பை, 54 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023 மார்ச்சில் கருநாடகம் என்ற பெயரில் திரும்பி வந்தது. கண்டீரவா ஆட்டக்களமோ பழைய சம்பங்கி ஏரியின் மேல் எழுந்தது. அவ்வேரியில் எஞ்சிய சிறு குளத்தைக் கரகத் திருவிழாவுக்காக இன்றும் காத்து வருகிறார்கள். ஒரு நிலத்தில் எத்தனை காலத்து மக்களின் காலடி கலந்திருக்கிறது என்பதை எண்ணினால், ‘இது யார் ஊர்?’ என்ற வினா அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும்.

ஓராண்டு சென்றது. 2019 மார்ச்சு 9ஆம் நாள் கோயமுத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் பின்தங்கி, பின்பு மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தைத் தட்டிக்கொண்டது. தந்தையாருக்குப் பெருமகிழ்ச்சி. எட்டே நாள் கழித்து, அதே மார்ச்சு 17இல், பெங்களூர் அணி பம்பாயில் கோவாவுடன் மற்றோர் இறுதிப் போட்டி ஆடியது. “சும்மா பார்க்கிறேன்” என்று சொல்லித் தந்தையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முற்பாதி முடியும் தறுவாயில் கோவாவின் ஜாஹூ சிவப்புச் சீட்டுப் பெற்று வெளியேறினார். அப்பொழுதும் கோல் இல்லை. பெனால்டி உதைகள்தாம் முடிவு செய்யும் என்று பிள்ளை தலையில் கைவைத்தான். 117ஆம் நிமிடம். டிமாஸ் டெல்காடோ மூலையிலிருந்து பந்தை உயர்த்தினார். ராகுல் பேக்கே தலையால் முட்டினார். கம்பத்தை ஒட்டிப் பந்து உள்ளே சென்றது.

முதலில் எழுந்து குதித்தவர் என் தந்தையார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தெருவில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கூச்சல் எழுந்தது. ஆஸ்டின் டவுன் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அம்மா மட்டும் அடுக்களையிலிருந்து வந்து, “எந்தக் கட்சி வென்றது?” என்று கேட்டார். “நம் கட்சி” என்றார் தந்தையார்.

பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா, நீங்கள் சென்னைக் கட்சி ஆயிற்றே!” என்றான். ஓராண்டாக அவர் சுமந்த விடை அப்பொழுதுதான் வெளிவந்தது. “நான் பிறந்த ஊர் ஒன்று. நீ பிறந்த ஊர் ஒன்று. ஒரு கை தட்டினால் ஓசை வருமா?” என்றார்.

வழக்கு அத்துடன் முடிந்ததோ என்றால், இல்லை. சென்னையும் பெங்களூரும் மோதும் நாளில் வீடு இன்னமும் இரண்டுபடும். அது இருக்கட்டும், வேண்டியதே. அச்சம் போய்விட்ட வீட்டில் வழக்காடுவது ஒரு சுகம்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 2025 சூன் 4ஆம் நாள், பெங்களூர்க் கிரிக்கெட் அணி முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பை வென்ற மறுநாள், சின்னசாமி ஆட்டக்களத்து வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் மாண்டனர். இப்பொழுது கல்லூரியில் பயிலும் எங்கள் பிள்ளையும் அங்கே போகப் புறப்பட்டவன்தான். கூட்டத்தைக் கண்டு பாதி வழியில் திரும்பினான். அவன் வீட்டுக்குள் நுழையும்வரை நாங்கள் பட்ட பாட்டை எழுத்தில் சொல்ல இயலாது. தோல்வியைத் தாங்கப் பழக்குவதுபோல, வெற்றியைத் தாங்கவும் பிள்ளைகளைப் பழக்கவேண்டும். வென்ற அணியை நாளை பார்க்கலாம், தொலைக்காட்சியிலும் பார்க்கலாம்.

நம் இல்லங்களில் ‘நீ எந்த ஊர்க் கட்சி?’ என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். அவர்கள் பிறந்த ஊருக்கு அவர்கள் கைதட்டட்டும். நாம் பிறந்த ஊருக்கு நாமும் அஞ்சாமல் கைதட்டுவோம். பக்கத்து இருக்கையில் யாரேனும் தயங்கிக் கைகளை மடியில் இறக்கிக்கொண்டால், வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டுவோம். அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று என் தந்தையார் ஒவ்வொரு மார்ச்சிலும் வருந்துகிறார்.