வீட்டுக்குள்ளே என்ன ரகசியம்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கொண்ட பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி: "அப்படி என்னத்த மறைக்கிற?" இரண்டாவது கேள்விக்கு அவசியம் இருக்காது. அதற்குள் பாஸ்வேர்டை எடுக்க வைத்திருப்பார்கள். கூடவே பழமொழியும் வரும், மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று. அந்தப் பழமொழியில் கனத்தோடு நடக்கிறவன் தப்பு செய்தவன் இல்லை. கைக்காசை வழிப்பறிக்காரனிடமிருந்து காப்பாற்றப் பார்க்கும் அப்பாவி. அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது நம் சாமர்த்தியம்.

இந்தக் கேள்வி தமிழ்நாடு முழுக்கக் கேட்பதுதான். ஆனால் நீலகிரியில் வீட்டின் அமைப்பே அதற்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலை நட்டது. அந்தத் தோட்டங்கள்தான் 'டான்டீ' என்ற அரசு நிறுவனம் ஆயின. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று அவர்கள் குடியேறிய இடங்களில் கிடைத்தது லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். "இருமினாலே நாலு வீட்டுக்குக் கேக்குது, இதுல கம்ப்யூட்டருக்குப் பூட்டா?" என்று கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும்.

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆளுக்கொரு அறை இருக்கிற பங்களாவில் கம்ப்யூட்டரில் பூட்டு இல்லாவிட்டாலும் பெரிய மோசமில்லை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தக் கதவே இல்லாத வீட்டில்தான் கம்ப்யூட்டருக்குள் தனியிடம் அவசியம். அதே லைன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பாட்டியின் டிரங்குப் பெட்டி கிடக்கும். பூட்டியிருக்கும், சாவி அவள் இடுப்பில். "வீட்டுக்குள்ளே என்ன ரகசியம், திற" என்று அவளிடம் யாரும் போய் நின்றதில்லை. தகரப் பெட்டிக்கு இருந்த மரியாதை மடிக்கணினிக்கு வரும்போது எங்கே போனது?

அந்த மடிக்கணினி என்ன நிலையில் இருக்கும் என்றும் பார்த்துவிடலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்த மூத்த மகளுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டாள், மடிக்கணினி மலையிலேயே நின்றுவிட்டது. திறந்தால் ஒரே ஒரு யூசர். டெஸ்க்டாப்பில் அம்மாவின் பி.எஃப். விண்ணப்பம், கண்டியில் வாங்கிய தாத்தாவின் இந்திய பாஸ்போர்ட் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், தம்பி இறக்கிய நாலு கேம், 'நியூ ஃபோல்டர் 3'. பிரவுசரில் யாரோ ஒருவரின் ஜிமெயில் திறந்தே கிடக்கிறது. அதில் எல்லோருடைய பாஸ்வேர்டும் சேமிக்கப்பட்டிருக்கிறது. தம்பி இலவச கேம் என்று நம்பி ஒரு வைரஸை இறக்கினால், அது தம்பியின் கேமோடு நிற்காது. அம்மாவின் பி.எஃப். தாளையும் தாத்தாவின் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே தின்னும். மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத, ஊரறிந்த உத்தமக் குடும்பத்துக்கும் இதே கதிதான்.

ஆனால் வைரஸை விட எனக்கு உறுத்துவது வேறு. "என்ன ரகசியம்" என்று கேட்பது யார், யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அப்பாவின் போனில் பேட்டர்ன் லாக் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அது ஆபீஸ் விஷயம். அண்ணனின் போனில் விரல்ரேகை. அதுவும் பரவாயில்லை, பையன். கேள்வி போய் நிற்பது மகளிடமும் மருமகளிடமும்தான். இது பாசத்திலிருந்து வருகிற கேள்வி என்றால் எல்லாப் பக்கமும் வர வேண்டும். ஒரே திசையில் பாய்வதால் அதற்கு அதிகாரம் என்று பெயர்.

அடிவாங்குகிற மருமகள் ஒருத்தி 181 என்ற மகளிர் உதவி எண்ணைத் தேடுகிறாள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழில் படிக்கப் பார்க்கிறாள். அந்த வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே யூசர். அடுத்து உட்காருகிறவர் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் அவள் தேடியது கீழே வரிசையாக இறங்கும். எஸ்டேட் மீது சங்கத்துக்கு மனு தட்டச்சு செய்கிற தொழிலாளியின் மச்சான் அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கலாம். இவர்கள் மடியில் இருப்பது என்ன கனம் என்று அந்தப் பழமொழிக்காரர்கள் சொல்லட்டும்.

பாஸ்வேர்டு ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகளின் திமிர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அது பிறந்ததே பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்டதால்தான். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கணினி அமைப்பைக் காட்டியது. ஒருவர் கோப்பு இன்னொருவர் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. அடுத்த வருடமே ஒரு ஆராய்ச்சி மாணவர் பாஸ்வேர்டு பட்டியல் முழுவதையும் அச்செடுத்துவிட்டார், கூடுதல் நேரம் கம்ப்யூட்டரில் உட்கார. ஆக, பூட்டும் அன்றைக்கே, திருட்டும் அன்றைக்கே.

மென்பொருள் செய்கிறவர்களும் நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து அதிகம் மாறுபடவில்லை என்பதுதான் வேடிக்கை. உபுண்டு லினக்ஸில் ஆளுக்கொரு கணக்கு போட்டாலும், ஒருவர் ஃபோல்டரை மற்றவர் திறந்து படிக்கலாம் என்பதே பல வருடம் இயல்பு நிலை. ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்பவர்கள் நண்பர்களும் உறவினர்களும்தானே என்பது அவர்கள் சொன்ன நியாயம். 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பில்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள். உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருள் நம்பிய அதே வாசகத்தைத்தான் சேரம்பாடி லைன் வீடும் நம்புகிறது.

சட்டம் காப்பாற்றுமா? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தெருவில் நின்று அரசாங்கத்திடம் கேட்கலாம். வாசற்படி ஏறி உள்ளே வந்ததும் குரல் தேய்கிறது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவு தன் எல்லைக்குள் வராது என்று தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கம்ப்யூட்டரின் சொந்தக்காரரோ பொறுப்பாளரோ அனுமதித்தாரா என்று கேட்கிறது. மெஷின் யாருடையது என்பதில்தான் அதற்கு அக்கறை, ஃபைல் யாருடையது என்பதில் இல்லை. (அப்படிப் பார்த்தால் விலையில்லா மடிக்கணினிக்குச் சொந்தக்காரி அந்த மகள்தான். வீட்டில் சொல்லிப் பாருங்கள்.)

நமக்கு மிக அருகில் ஒரு தீர்ப்பு வந்தது. மனைவியின் போன் அழைப்புப் பதிவுகளை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்த கணவரின் வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபர் 30 அன்று, அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்றார். ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. வேவு பார்க்கும் அளவுக்குப் போன குடும்பம் ஏற்கெனவே உடைந்த குடும்பம் என்ற பார்வை அதற்குப் பின்னால். நீதிமன்றத்தை வணங்கியே சொல்கிறேன், நம் ஊரில் வேவு பார்க்கக் குடும்பம் உடைய வேண்டியதில்லை. நன்றாக ஓடும் குடும்பத்தில்தான் அது தினசரி வேலை.

சின்னப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட முடியுமா என்று கேட்பீர்கள். விட வேண்டாம். ஒன்பது வயதுப் பையன் என்ன பார்க்கிறான் என்று பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவனுக்கென்று ஒரு கணக்கு போட்டு, கண்காணிக்கிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். அவன் தூங்கின பிறகு ஹிஸ்டரியைத் துழாவுவது வளர்ப்பு இல்லை. அவசரத்துக்கு ஆதாரும் பட்டாவும் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டாமா என்றால், விண்டோஸில் 'பப்ளிக்' என்று ஒரு ஃபோல்டர் அதற்காகவே இருக்கிறது. வீட்டுக்குப் பொதுவானது அங்கே. மற்றது அவரவர் இடத்தில்.

பாஸ்வேர்டு போட்டால் போதும் என்பவர்களையும் விட்டுவைக்க முடியாது. விண்டோஸில் அட்மின் கணக்கு வைத்திருப்பவர் 'கன்டினியூ' என்று ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்தவர் ஃபோல்டர் திறந்துகொள்ளும். பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தால் அந்தப் பட்டன்கூட வேண்டாம். டிஸ்க்கையே மறையாக்கம் செய்தால்தான் பென்டிரைவ்காரருக்குத் தடை. அட்மினுக்கு அதுவும் தடையில்லை. அந்த மறையாக்கத்தின் மீட்புச் சாவியும் பெரும்பாலும் மெஷினை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் போய் உட்காரும். எனவே அட்மின் யார், சாவி யாரிடம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இதுவரை பேசாமலே முடிவாகியிருக்கிறது.

குன்னூரிலோ கூடலூரிலோ மெஷினை ஃபார்மேட் பண்ணக் கொடுத்தால், கடைக்காரர் 'யூசர்' என்ற பெயரில் பாஸ்வேர்டு இல்லாத ஒரே கணக்கைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதுதான் வழக்கம், யாரும் கேட்காததால். அடுத்த முறை வாங்கும்போது கவுன்டரில் நின்று கேளுங்கள்: "அண்ணா, எங்க வீட்ல அஞ்சு பேர். அஞ்சு அக்கவுன்ட் போட்டுக் குடுங்க, அதுல அட்மின் ஒண்ணு போதும்." பத்து நிமிட வேலை. யார் அந்த ஒருவர் என்று அவர் திருப்பிக் கேட்பார், பதிலை வீட்டில் முடிவு செய்துகொண்டு போங்கள்.