சொல்லை வெட்டலாமோ?

கணிப்பொறிக்கு இனி இலக்கணமே வேண்டா என்று ஒரு சாரார் முழங்குகின்றனர். கோடிக்கணக்கான பக்கங்களை ஊட்டிவிட்டால் பொறி தானே மொழியைக் கற்றுக்கொள்ளுமாம். ஆங்கிலம் கண்ட கண்ணால் தமிழைக் காண்பார் கூற்று அது.

அவர் கையாளும் முறை யாது? கோப்புகளைச் சுருக்குவதற்கென 1994இல் வெளிவந்த ஓர் உத்தி, 2016இல் மொழிபெயர்ப்புப் பொறிக்குச் சொற்களைத் துண்டாடும் கருவியாயிற்று. அடுத்தடுத்து மிகுதியாக வருவனவற்றை ஒட்டு. ஏனையவற்றை உதிரியாக விடு என்பதே அதன் சாரம். 'வந்தனன்' என்பதை நன்னூலார் வழிநின்று பிரித்தால், வா என்னும் பகுதி குறுகிற்று. சந்தியாய் வந்த தகர மெய் நகர மெய்யாய்த் திரிந்தது. மற்றொரு தகர மெய் காலம் காட்டிற்று. முதல் அன் சாரியை, அடுத்த அன் விகுதி. ஆறு உறுப்பும் விளங்கின. எண்ணிக்கை முறையோ எழுத்தையும் அதன் புள்ளியையும்கூடப் பிரித்தெறியத் தயங்காது. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம் 'வந்தனன்' 21 பைட் கொள்ளும். துண்டுக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கும் இடங்களில் இந்த வெட்டுக்குக் கூலி கொடுப்பவர் யார்? நாமே!

பின்னிய மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். 'தலோ' என்றால் வீடு. 'தலோஸ்ஸனி' என்றால் என் வீட்டில். நம் மொழிபோல் ஒட்டி வளரும் மொழி. அதனை முன்வைத்தே கிம்மோ கோஸ்கெனியெமி 1983இல் இருநிலை உருபனியலை வகுத்தார். அகராதி வடிவம் ஒரு நிலை, வழங்கும் வடிவம் மற்றொரு நிலை. இடையே திரிபு விதிகள். ஒரே விதித் தொகுதி சொல்லைப் பிரிக்கவும் செய்யும், ஆக்கவும் செய்யும்.

இதைக் கேட்டதும், "நன்னூலே ஒரு கணிப்பொறி நிரல்தான்" என்று மார்தட்டும் மேடைப் பேச்சாளரையும் நாம் விடுவதற்கில்லை. எழு, எழுந்தான் ஆகிறது. தொழு, தொழுதான் ஆகிறது. விழு ஒரு பக்கம், உழு மறுபக்கம். ஈற்றெழுத்தைக் கொண்டு பொறி இதனை எங்ஙனம் உணரும்? ஏற்பவற்றைக் கொள்க என்றால் மாணாக்கனுக்குப் போதும்; பொறிக்குப் போதாது. ஒவ்வொரு வினைக்கும் அதன் வகையைக் குறித்துத் தருதல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அவ்வகை எண்ணை வினைதோறும் இட்டுச் சென்றது. கைதட்டல் கிடைக்காத உழைப்பு அது!

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 6 கோடியே 90 இலட்சம் பேர். அவருள் தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் சிறுவன் 'சென்றனர்' என்பதை அகராதியில் தேடினால் காணான். 'செல்' என்று தேடச் சொல்லிக்கொடுக்க அருகில் தமிழாசிரியரும் இலர். தமிழுக்கும் இவ்வகைப் பகுப்பு நிரல்களை ஆய்வாளர் சிலர் செய்துள்ளனர். அவற்றை அகராதியோடு இணைத்துச் சிறுவன் கைக்குக் கொடுங்கள் என்கிறோம். மேடைப் புகழ்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.