திருப்பித் தரணுமா சார்?

வேலை கிடைக்காதோ என்கிற பயம் எல்லா ஊரிலும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்னொரு பயமும் இருக்கிறது. வேலை கிடைத்துவிட்டதே என்கிற பயம்!

"இத்தனை நாள் அரசாங்கத்துகிட்ட உதவித்தொகை வாங்கினியேப்பா... இப்ப வேலைக்குப் போனா எல்லாத்தையும் வட்டியோட கட்டச் சொல்லுவான்" என்று யாராவது ஒரு டீக்கடை வக்கீல் போண்டாவைக் கடித்துக்கொண்டே கொளுத்திப் போட்டுவிடுவார். போண்டா அவருக்கு ஜீரணமாகிவிடும். பையன் வீட்டில் அன்று ராத்திரி ஒருத்தருக்கும் தூக்கம் வராது.

கணக்கைப் பார்த்துவிடலாம். (பி.காம். படித்தவன் வேறு எதைப் பார்ப்பான்?)

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை, பத்தாவது ஃபெயிலுக்கு மாதம் 200 ரூபாய், பாஸுக்கு 300, ப்ளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாங்க்கில் விழும். அதிகபட்சம் 3 வருடம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் அதிகம், காலமும் அதிகம்.

ஆக, ஒரு பட்டதாரி முழுசாக வாங்கினாலும் 21,600 ரூபாய். நாளைக்கு இருபது ரூபாய். ஆனால் சின்ன வெங்காயம் உரிக்கப் போகும் அம்மாவின் கூலியில் ஓடும் வீட்டில், '21,600 கட்டு' என்றால் அது இடி.

கட்ட வேண்டாம் சார். வேலை இல்லாத காலத்துக்கு, தகுதியோடு வாங்கிய பணம் உதவிதான், கடன் இல்லை. அரசாங்கப் பேரேட்டில் அது செலவு, வர வேண்டிய பாக்கி அல்ல. அரியலூரையே பாருங்கள். 2001-ல் தனி மாவட்டமானது. 2002-ல் பெரம்பலூரோடு திரும்ப ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். 'நடுவிலே கலெக்டர் வச்சிருந்தியே, அதுக்குக் காசு எடு' என்று யாராவது கேட்டார்களா?

வம்பு எங்கே என்றால், வேலைக்குச் சேர்ந்த பிறகும் வாங்குகிறோமே, அந்தப் பணத்தில். உதவித்தொகை வாங்குகிறவர் வருடா வருடம் சுய உறுதிமொழி எழுதித் தருகிறார். சம்பளக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு 'எனக்கு வேலை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது உதவி இல்லை, பொய். தெரியாமல் வந்து விழுந்தாலும் நம்முடையது ஆகாது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவே சொல்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியது, இன்றைக்குத்தான் உபயோகப்படுகிறது.

இந்தப் பயத்தில் சில பையன்கள் செய்கிற காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. "அண்ணே, என் பேரை ரிஜிஸ்டர்ல ஏத்தாதீங்க, கையிலே கொடுத்துடுங்க" என்று காண்ட்ராக்டரிடம் கேட்கிறார்கள். காண்ட்ராக்டருக்குக் கசக்குமா? பத்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு அவர் பங்கு பி.எஃப். மட்டும் 12 சதவீதம், 1,200 ரூபாய் மிச்சம்! மாதம் 600-ஐக் காப்பாற்றப் போய் 1,200-ஐ விடுகிறோம். போதாக்குறைக்கு ஈ.எஸ்.ஐ.யும் போச்சு. சிமெண்ட் ஆலையில் மூட்டை சரிந்து காலில் விழுந்தால், பேர் இல்லாத கால்தான் உடையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அரசாங்கமும் தப்புக் கணக்குப் போடும். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று ஒரு கூத்து நடந்தது. வருடச் சம்பளத்தைக் கம்ப்யூட்டர் எல்லா வாரத்துக்கும் சமமாகப் பங்கு போட்டது. ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தவனும் வருடம் முழுக்கச் சம்பாதித்தவன் ஆனான். லட்சக்கணக்கானவர்களுக்கு 'பணத்தைத் திருப்பிக் கட்டு' என்று நோட்டீஸ்! 2019-ல் அது சட்டப்படி செல்லாது என்று ஆகி, வசூலித்ததை அரசாங்கமே திருப்பிக் கொடுத்தது. 2023-ல் விசாரணைக் கமிஷனும் காய்ச்சி எடுத்தது.

அங்கே தொலைந்து போனது ஒரு சின்ன விஷயம்: எந்தத் தேதியில் வேலை இருந்தது, எந்தத் தேதியில் இல்லை என்பது. அதனால் வேலையில் சேர்ந்த அன்றே தேதி போட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் பாஸ்புக்கையும் அதோடு சேர்த்து வையுங்கள். அதற்குப் பிறகும் பணம் வந்து விழுந்தால் செலவழிக்காமல் ஆபீசில் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தேதிக்கு முந்தின பணம் உங்களுடையது, பிந்தினது அரசாங்கத்துடையது. டீக்கடை வக்கீலுக்குத் தர வேண்டியது டீ காசு மட்டும்தான். அதையும் முதல் மாதச் சம்பளத்தில் கொடுத்தால் போதும்!