உடங்காட்டுக்குள் ஒரு சைக்கிள் பாதை வேண்டும்

தூத்துக்குடியில் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கிடைப்பது இன்று கஷ்டம் இல்லை. அதை ஓட்டுவதற்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

பிளஸ் ஒன் படிக்கும் மாணவ மாணவிகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. 2001-ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் எல்லோருக்கும் வந்தது. நல்ல காரியம். ஆனால், அந்தப் பிள்ளை சைக்கிளில் ஏறி எங்கே போகும்? மதுரைச் சாலையில் கண்டெய்னர் லாரி. திருநெல்வேலிச் சாலையிலும் லாரிதான். உப்பளப் பக்கம் போனால் உப்பு லாரி. 1974-ல் நம் துறைமுகம் பெரிய துறைமுகம் ஆயிற்று. ஊருக்குப் பிழைப்பு வந்தது. லாரிகளும் வந்தன. லாரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாரி ஓடும் ரோட்டிலேயே என் பேரனும் சைக்கிள் பழகவேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

நான் பழகியது வாடகைச் சைக்கிளில். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு எடுத்துவர வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவோம். ஊருக்கு வெளியே உடங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை இருந்தது. மாட்டுவண்டித் தடமும் இருந்தது. விழுந்தால் மண்ணில்தான் விழுவோம். முழங்காலில் சிராய்ப்பு உண்டு. அதோடு சரி. அந்த உடங்காட்டில் இன்று பாதி வீட்டுமனை. பேரனை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்தபோதுதான் இதை எழுதத் தோன்றிற்று.

பழைய சைக்கிளில் பிறந்த விளையாட்டு

காட்டிலும் மலையிலும் சைக்கிள் ஓட்டுவது பணக்காரர் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இருபது கியர், தடித்த டயர், தலைக்கவசம், லட்ச ரூபாய் விலை. கடைகளில் அப்படியும் விற்கிறார்கள். ஆனால் அது பிறந்த கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே டமால்பாயிஸ் என்று ஒரு மலைப் பகுதி. 1970-களில் அந்த ஊர் வாலிபர்கள் சிலர், பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். முன்பு பையன்கள் வீடுவீடாகப் பத்திரிகை போட ஓட்டிய கனத்த சைக்கிள்கள். கியர் கிடையாது. அவற்றை லாரியில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மண் பாதையில் இறங்கினார்கள். பிரேக் பின்சக்கரத்தின் நடுவிலே இருக்கும். இறங்கி முடிப்பதற்குள் அது சூடேறிவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து காலியாகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை இறங்க முடியும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வைத்தார்கள். மறுபடி அடைப்பது என்று அர்த்தம். 1976-ல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. இருபது ஆண்டு கழித்து, 1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்!

ஆகவே, அரசாங்கம் கொடுத்த சைக்கிள் காட்டுப் பாதைக்குத் தாங்குமா என்று யாரும் கேட்கவேண்டாம். மலையிலிருந்து தலைகுப்புற இறங்கவேண்டும் என்றால் தாங்காது. நான் கேட்பது அது அல்ல. பனங்காட்டின் ஓரமாக, உடைமர நிழலில், சமதரையில் நாலைந்து கிலோமீட்டர் பாதை. அதற்கு இது போதும்.

பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலி பேசாதவர் கிடையாது. கையெழுத்துப் போடக் கற்றவள், சைக்கிளையும் கற்றுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால், பழகும் நாளில் அவளுக்கு ஒரு மைதானமோ மண் பாதையோ வேண்டியிருந்தது. லாரிக்கு முன்னால் யாரும் சைக்கிள் பழக முடியாது.

எங்கே போடலாம்? எங்கே கூடாது?

சிலர் வல்லநாட்டைச் சொல்கிறார்கள். மலை இருக்கிறது, காடு இருக்கிறது, அங்கே போடலாமே என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன்.

வல்லநாடு என்றால் நமக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகரசபைத் தலைவராக இருந்து, 1927-ல் அங்கிருந்து தாமிரபரணித் தண்ணீரை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அதே வல்லநாட்டு மலையில் வெளிமான்கள் இருக்கின்றன. 1987-ல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள். பரப்பு பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். இந்தியாவின் தென்கோடியில் வெளிமான் இயற்கையாக வாழும் இடம் அதுதான். வெளிமானுக்குத் தன் கண்ணும் காலும்தான் காவல். ஆள் அரவம் கேட்டால் ஓடும். குட்டி போட்ட நேரத்தில் பத்துச் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனால் அது என்ன ஆகும்? நம் பிள்ளைக்கு விளையாட இடம் வேண்டும் என்று, மான் பிள்ளையின் இடத்தைப் பிடுங்கக்கூடாது. சரணாலயத்துக்கு வெளியே, அடிவாரத்து ஊர்ப் பாதைகளோடு நிற்கட்டும் சைக்கிள்.

தேரிக்காடு வேறு விஷயம். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரி கிடக்கிறது. குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு மணல். மணலில் இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறம். காற்று அதை அள்ளிக்கொண்டு போய் மேடு மேடாகக் குவிக்கிறது. பனையும் முந்திரியும் உடையும் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. மேட்டின் மேல் சைக்கிள் போகாது. சக்கரம் புதையும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சற்று தூரம் போகலாம். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டியதுதான். நான் தூக்கியிருக்கிறேன்! போகாதது நல்லதுதான். செடியை நசுக்கினால் மணல் கிளம்பிவிடும். ஆனால் தேரியின் ஓரத்தில், பனங்காட்டுக்கு நடுவே, கெட்டியான செம்மண் வண்டித்தடங்கள் பழையபடி இருக்கின்றன. புதிதாக வெட்டவேண்டாம். தார் போடவே வேண்டாம். இருக்கும் தடத்தைச் சீர்செய்து, வழி காட்டும் பலகை வைத்தால் போதும். காப்புக்காட்டுப் பகுதி என்றால் வனத்துறையைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

தண்ணீர் விஷயத்தை மறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்கிற மழைக்கும் அதிகம். கரையை உயர்த்திப் பாதை போட்டால் அது அணை போலத் தண்ணீரை மறிக்கும். தரையோடு தரையாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் போட்டால் தண்ணீர் குறுக்கே ஓடிவிடும்.

அப்புறம் முள். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் சைக்கிளுக்கு எமன். போன மாதம் நான் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். மூன்று இடத்தில் குமிழி வந்தது.

"என்ன அண்ணாச்சி, உடங்காட்டுக்குள்ளேயா போனீய?" என்றார்.

"ஆமாம். பேரனுக்குப் பழகிக் கொடுக்க இடம் பார்க்கப் போனேன்" என்றேன்.

"தடத்தை மாசத்துக்கு ஒருவாட்டி கூட்டிப் பெருக்கச் சொல்லுங்க. இல்லேன்னா எனக்குத்தான் யாவாரம்" என்று சிரித்தார்.

நடப்பவருக்கே முதல் உரிமை

அவர் சொன்னது சரி. அந்த வேலையைப் பக்கத்து ஊர்ப் பெண்களுக்கே சம்பளத்துக்குக் கொடுக்கலாம். ஏனென்றால் அந்தத் தடம் முதலில் அவர்களுடையது. விறகுச் சுமையோடு வருகிறவள் அதில் நடக்கிறாள். பதநீர்க் காலத்தில் பனையேறி விடியுமுன் அதில்தான் போகிறார். ஆட்டுக்காரர் போகிறார். தலைச்சுமைக்காரி சைக்கிளுக்கு ஒதுங்கி முள்ளில் கால் வைக்கும்படி ஆனால், அப்படிப் பாதையே வேண்டாம் என்பேன்.

நான் சொன்ன அமெரிக்க மலையிலும் இந்தத் தகராறு வந்தது. நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் புகார் செய்தார்கள். குறுகிய பாதைகளில் சைக்கிளே கூடாது என்று தடை போட்டார்கள். மற்றப் பாதைகளில் நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் ஒதுங்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். நாம் முதலிலேயே அந்தப் பலகையை நட்டுவிடலாம். பெரிய எழுத்தில், தமிழில்.

தேரி தூரம் என்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கார், மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைக்கலாம். மாநகராட்சியும் போலீசாரும் மனசு வைத்தால், அதற்கு நாலு தடுப்புக்கட்டைகளும் இரண்டு காவலர்களும் போதும். பெரிய செலவு இல்லை. என் பேரனுக்கு இப்போது எட்டு வயது. பாருக்குக் கீழே கால் நுழைத்து ஓட்டும் வயது அது. அவன் சைக்கிளில் பாரே இல்லை என்பது வேறு விஷயம். மாடிப்படிக்குக் கீழே அதை நிறுத்திவைத்து, தினமும் மணியை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறான்.